அரை மில்லிமீட்டர்

என் கையை எல்லோரும் மெச்சுவார்கள். எலியின் வாலில் ஓடும் இரத்தக் குழாய் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் ஒரே குத்தில் ஊசியை இறக்கிவிடுவேன். பதினெட்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் இருக்கிறேன். பட்டமும் கிடையாது, பதவியும் கிடையாது. கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் தலைகாட்டுவேன். ஆனாலும் ஊசி போட வேண்டுமென்றால் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கை செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். யார் மேலாவது பழியைப் போட்டுத் தப்பிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஆறு வருடமாக நடப்பது மஞ்சள் வேலை. மஞ்சளுக்குள் இருக்கிற சத்தைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள் மேல் விட்டால் அவை சாகின்றன. உடம்புக்குள் கதையே வேறு. அது தண்ணீரில் கரையாது. வாய் வழியாகக் கொடுத்தால் குடலும் ஈரலும் சேர்ந்து அதை வெளியே தள்ளிவிடும், கட்டி இருக்கும் இடத்துக்குப் பேருக்குக்கூடப் போய்ச் சேராது. அதனால் அதை நானோ துகளுக்குள் அடைத்து இரத்தத்தில் விடுகிறோம். ஒரு துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதற்குள் போகிற இரத்தக் குழாய்களும் அரைகுறையாகத்தான் இருக்கும், சரியாக ஒட்டாத பைப் மாதிரி அங்கங்கே ஒழுகும். நல்ல குழாயிலிருந்து வெளியே வர முடியாத துகள், அந்த ஒழுக்கு வழியாகக் கட்டிக்குள் இறங்கும். இறங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

துகளைச் செய்கிறவரைப் பொடிக்காரர் என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது, பேச்செல்லாம் துகள்தான். வீட்டில் குழம்பில் மஞ்சளைப் பார்த்தால்கூட "இது ஈரலைத் தாண்டாது" என்று முணுமுணுப்பாராம். "உங்க வாயைத் தாண்டினா போதும், சாப்பிடுங்க" என்பாராம் அவர் மனைவி. இதை அவரே வந்து சொல்லிவிட்டு, நாங்கள் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார்.

இந்த முறை பதினாறு எலிகள், எல்லாவற்றுக்கும் விலாப்பக்கத் தோலுக்கு அடியில் கட்டி. எட்டு எலிகளுக்கு மஞ்சள் அடைத்த துகள், எட்டுக்கு வெறும் துகள். எது எந்தக் கூண்டுக்குப் போகிறது என்று ஊசி போட்டு அளவெடுக்கிற எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் வெறும் துகளிலும் பொடிக்காரர் வேறொரு மஞ்சள் நிறச் சாயம் கலந்துவிடுவார். பார்க்க இரண்டும் ஒரே நிறம். ஒன்றின் மேல் வட்டம் போட்ட ஸ்டிக்கர், இன்னொன்றின் மேல் முக்கோணம். எது எது என்று எழுதிய சீட்டு உறைக்குள் ஒட்டப்பட்டு மேடத்தின் அலமாரியில் இருக்கும். மேடம் எங்கள் தலைவி. அதிகம் பேசமாட்டார், ஆனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பார்.

முதல் ஊசி போட்ட அதே வாரம்தான் என் தம்பியின் மருத்துவ அறிக்கை வந்தது.

அவன் தையல்காரன். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி நர்ஸ்களின் கோட்டு, ஆபீஸ் சட்டை என்று வருடம் முழுக்கக் கை ஓயாது. கடை கீழே, வீடு மேலே. நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. வளர்த்தது நான்தான், அதனால் அவனை அதட்ட எனக்கு எப்போதும் உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வேன். வலது மேல்கையின் உட்பக்கத்தில் ஒரு கட்டி வந்து, கொழுப்புக் கட்டி என்று ஆறு மாதம் சும்மா விட்டிருந்தான். கொழுப்பு இல்லை. நரம்பையும் இரத்தக் குழாயையும் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "கையை எடுத்துடணும். தோள்ல இருந்து. இரண்டு வாரத்துக்குள்ள."

வெளியே வந்ததும் தம்பி தன் வலது கையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தான். "இடது கையால பட்டன்கூடப் போடத் தெரியாதுக்கா எனக்கு" என்றான். அவன் பெண்டாட்டி அழுதாள். கடையில் பட்டன் தைப்பதும், அதற்குத் துளை போட்டுக் காஜா எடுப்பதும் அவள்தான். நான் அழவில்லை. நான் அழுதால் அந்த வீட்டில் யாருமே நிமிர்ந்து நிற்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அன்று சாயங்காலம் வீட்டில் என் வேலைக் கோட்டைத் துவைத்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு மஞ்சள் சொட்டு. காலையில் முக்கோண ஊசியிலிருந்து தெறித்தது. சோப்புப் போட்டுக் கசக்கியதும் அந்த இடம் ரத்தம் மாதிரிச் சிவந்தது. சமையல் செய்கிற எவருக்கும் இது தெரியும், மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும். சாயம் அப்படிச் சிவக்காது. பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் உறைபோட்டு ஒட்டி மறைத்த ரகசியத்தை ஒரு சலவை சோப்பு உடைத்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் விடவில்லை. அடுத்த ஊசி நாளில் வட்ட ஊசியிலிருந்து ஒரு சொட்டை வேண்டுமென்றே பஞ்சில் எடுத்து, கை கழுவும் தொட்டியில் சோப்பு வைத்துப் பார்த்தேன். மஞ்சளாகவே இருந்து, மஞ்சளாகவே கழுவிக்கொண்டு போனது. ஆக முக்கோணம்தான் மருந்து. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதினாறு எலியும் வீண், எல்லாம் முதலிலிருந்து. எனக்கோ நாள் இல்லை என்று தோன்றியது. எலிகளின் நாளையும் தம்பியின் நாளையும் எப்போது ஒன்றாக முடிச்சுப் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கட்டியை அளக்கக் காலிப்பர் என்று ஒரு கருவி. இரண்டு தாடைகளுக்கு நடுவே கட்டியைப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளி மூடினால் எண் தெரியும். நீளம் ஒரு தடவை, அகலம் ஒரு தடவை. நீளத்தை அகலத்தால் பெருக்கி, மறுபடியும் அகலத்தால் பெருக்கி, பாதியாக்கினால் கட்டியின் பருமன். அகலம் இரண்டு தடவை வருவதால் அதில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கடைசிக் கணக்கில் பெரிதாகக் குறையும். கட்டியோ கல் இல்லை. மேலே தோல், சுற்றிலும் சதை. கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தினால் அரை மில்லிமீட்டர் தானாக வரும்.

நான் அழுத்தவில்லை. அப்போது யார் கேட்டிருந்தாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

இரண்டாவது வாரம் முக்கோண எலிகளின் அளவு இறங்கியது. கையில் இருந்த எலியின் காதில், "நல்லா இருடா ராசா" என்றுகூடச் சொன்னேன். அன்று நேராகத் தம்பி கடைக்குப் போனேன். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"குறையுதுடா! பாதிக்குப் பக்கத்துல குறையுது."

மிஷினை நிறுத்திவிட்டு அவன் திரும்பினான். "எலிக்கா?"

"எலிக்குத்தான். மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும், அதையும் சொல்லிடறேன்."

"குறையுதுல்ல?"

"குறையுது."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப கையை எடுக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமாக்கா? ஒரு ஆறு வாரம். அதுக்குள்ள உங்க மருந்து எங்கயாவது ஆளுங்களுக்குக் குடுத்துப் பார்க்க ஆரம்பிச்சா, என்னையும் சேர்த்துக்கிறாங்களான்னு பார்க்கலாம். அதுவரைக்கும் கடையில விக்கிற மஞ்சள் மாத்திரையாவது சாப்பிடறேன்."

மாத்திரை ஈரலைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். ஆறு வாரத்தில் எதுவும் ஆரம்பிக்காது என்றும் தெரியும். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதட்டுகிற உரிமையை எல்லாம் எங்கே வைத்திருந்தேனோ, "டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு" என்றேன். அவன் பெண்டாட்டி பட்டன் டப்பாவை மூடியபடி, "அண்ணி இவ்வளவு வருஷமா அதுலயே இருக்காங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். நான் எதுவும் சொல்லவே இல்லை. அதுதான் அவர்களுக்குச் சொன்னதாக ஆகிவிட்டது.

டாக்டர் திட்டினாராம். இவன் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பகலில் நான் கடைக்குப் போவேன். ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய காலிப்பரை எடுத்துக்கொண்டு போவேன். தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு, துணி வெட்டும் மேசை மேல் கையை நீட்டுவான். "மேடம், இந்த எலிக்கு என்ன அளவு?" என்பான். "வாலை ஆட்டாம இரு" என்பேன். மூன்று பேரும் சிரிப்போம். முதல் ஞாயிறு நாற்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று மில்லிமீட்டர். அடுத்தது நாற்பத்திரண்டுக்கு முப்பது. ஐந்தாவது ஞாயிறு நாற்பத்தொன்றுக்கு முப்பது. சுவர்க் காலண்டரில் அவனே எழுதுவான், துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடி. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டுதான் அவன் பெண்டாட்டி பட்டன் தைத்தாள்.

முதல் ஊசியிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் எலிகளை மயக்கத்தில் ஆழ்த்தி உயிரை முடித்தோம். கட்டிகளை வெட்டி எடுத்துத் தராசில் வைத்து எடை பார்ப்பது கடைசி வேலை. மேடம் எடை போட, பொடிக்காரர் எழுதினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். முக்கோணத்தின் முதல் கட்டி தட்டில் விழுந்ததும் அதன் பக்கம் குனிந்தேன். பார்க்கவே பெரிதாக இருந்தது. அடுத்ததும் அப்படியே.

வட்டத்தின் சராசரி அறுநூற்று நாற்பது மில்லிகிராம். முக்கோணத்தின் சராசரி அறுநூற்றுப் பத்து. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. என் காலிப்பர் கணக்குப்படி முக்கோணம் முந்நூற்று எண்பதுக்கு மேல் போயிருக்கக்கூடாது.

பொடிக்காரர் பேனாவை வைத்துவிட்டார். தராசு கெட்டிருக்கும் என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரியாக இருந்தது. மேடம் என் அளவுக் குறிப்பேட்டை எடுத்து வந்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வழக்கம்போல் இரண்டு தடவை பார்த்தார்.

"வட்டத்துக்கு உங்க அளவும் எடையும் ஒத்துப்போகுது. முக்கோணத்துக்கு மட்டும் போகல." தலையை நிமிர்த்தினார். "எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சோப்பைப் பற்றிச் சொன்னேன். வட்டத்தைச் சோதித்துப் பார்த்ததையும் சொன்னேன். பொடிக்காரரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வேணும்னு அழுத்தினீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு சீரா வராது." குறிப்பேட்டை மூடினார். "வேணும்னு செய்யற கையை நிறுத்தலாம். ஆசைப்படற கையை எப்படி நிறுத்தறது?"

பொடிக்காரர்தான் கடைசியில் பேசினார். "விடுங்கக்கா. துகள் கட்டிக்குள்ள போகலையா, போயும் பத்தலையான்னு பார்க்கணும். இன்னொரு தடவை செய்வோம்." ஆறு வருடம் உழைத்தவர், என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அவருக்கு இன்னொரு தடவை இருந்தது. எனக்கோ அந்த நிமிடம் சுவரில் மாட்டிய காலண்டர்தான் கண் முன்னால் நின்றது. கையுறையைக் கழற்றாமலேயே வாசல்வரை போய்விட்டேன்.

கடைக்குள் நுழைந்தபோது மத்தியானம் இரண்டு மணி. தம்பி நர்ஸ் கோட்டு ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?"

"கையை நீட்டு" என்றேன். காலிப்பரை எடுத்து அவன் பெண்டாட்டியிடம் கொடுத்தேன். "நான் அளக்கல. நீ அள. தாடை ரெண்டும் தோலைத் தொட்டா போதும். அதுக்கு மேல தள்ளாத."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மெல்லிசுத் துணியில் ஊசி இறக்கிப் பழகிய கை அவளுடையது, பூப்போல வைத்தாள். குனிந்து எண்ணைப் படித்தாள். "நாற்பத்தஞ்சு." பிறகு அகலம். "முப்பத்தி... முப்பத்திநாலு. அண்ணி, நான் தப்பாப் புடிச்சிட்டேனா?"

"இல்லம்மா. நான்தான் தப்பாப் புடிச்சேன். அஞ்சு வாரமா."

எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பு, முக்கோணம், தராசு, என் கட்டைவிரல். சொல்லச் சொல்ல அவள் பின்னால் நகர்ந்து, துணிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மட்டும் அசையவில்லை. மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான். அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கையின் உள்தையல் பிரிக்கப்பட்டு, அதே நிறத்தில் ஒரு விரல் அகலத் துண்டு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு துண்டு, புதிது.

"இது எப்படா வச்ச?"

"முதல் துண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி. அடுத்தது போன வாரம்." அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "ஞாயித்துக்கிழமை நீ வர்றதுக்கு முன்னாடி நான் டேப் போட்டுப் பார்த்துடுவேன்க்கா. ஏறிட்டேதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா சொல்லல? பாவி, ஏன்டா சொல்லல?"

"டேப்பு துணிக்கு, உன்னுது சயின்ஸுன்னு நினைச்சேன்." சட்டைக் கையில் நீட்டிக்கொண்டிருந்த நூல் ஒன்றைக் கிள்ளி எறிந்தான். "இல்லக்கா. அது பொய். கை போகாதுன்னு எவன் சொன்னாலும் நம்பியிருப்பேன். நீ சொன்ன. அதுவும் அவ்வளவு சந்தோஷமா சொன்ன. அம்மா போனதுக்கப்புறம் உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்ல."

அன்றுதான் நான் அழுதேன். அந்த வீட்டில் யாரும் விழவில்லை. அவன் பெண்டாட்டி எழுந்து போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, சுருட்டி, வெட்டுத் துணிக் கூடைக்குள் போட்டாள். அவள் என்னை இப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று மறுபடி ஒருபோதும் சொன்னதில்லை.

புதுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் இந்தத் தடவை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போன தடவை சுத்தமாக இருந்த நுரையீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. "அப்பவே எடுத்திருந்தா வந்திருக்காதா?" என்று நான்தான் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் எனக்குச் செய்த தர்மம் அது, வேறொன்றும் இல்லை. கையை எடுத்துவிட்டு, பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார். எங்கள் மஞ்சள் இல்லை, உலகமெல்லாம் ஏற்றுகிற பழைய மருந்து.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் காலை கடைக்குப் போனேன். கொடுக்க வேண்டிய துணியை எல்லாம் தைத்துக் கட்டி வைத்திருந்தான். மேசை மேல் அவனுடைய சொந்தச் சட்டைகள் ஏழு. ஒவ்வொன்றிலும் வலது கையைத் தோளுக்குக் கீழே வெட்டி, மடித்து, மிஷினில் வைத்து மூடிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கப்புறம் பார்த்துக்கலாமேடா."

"அப்ப எந்தக் கையால தைக்கிறது? இவ காஜா நல்லா எடுப்பா, கை வெட்டத் தெரியாது. காலிச் சட்டைக் கையை மடிச்சு ஊக்கு குத்திக்கிட்டுத் திரிய என்னால முடியாதுக்கா. தையல்காரன்னு ஒரு மரியாதை இருக்குல்ல." சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு, அவன் சிரித்துக்கொண்டே இருந்ததால், சிரித்தேன்.

ஏழாவது சட்டைக்கு வந்ததும் நிறுத்தினான். அது புதுச் சட்டை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள. எங்கே வெட்டுவார்கள் என்று டாக்டர் பேனாவால் போட்ட கோடு அவன் தோளில் அழியாமல் இருந்தது. கழுத்திலிருந்து அந்தக் கோடு வரைக்கும் அளவு வேண்டும். தனக்குத் தானே எடுக்க முடியாது. டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினான்.

நான் டேப்பை வாங்கிக்கொள்ளவில்லை. "இவளை எடுக்கச் சொல்லுடா. நான் வேண்டாம்."

"நீதான் எடுக்கணும்" என்று சொல்லி டேப்பை என் கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றான். டேப்பின் முனையை அவன் பின்கழுத்து எலும்பில் வைத்தேன். தோல் சூடாக இருந்தது. கட்டைவிரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அழுத்தாதக்கா" என்றான் தம்பி. "சும்மா தொட்டாப்ல பிடி. என்ன வருதோ, அதைச் சொல்லு."